எதிர்க்கடை அடுப்பு

ஊறிய அரிசியை வதனா வடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கணவர் ஆனந்தராசா போய்விட்டார். இரண்டு வருடமாக ஊசியும் டயாலிசிஸுமாய் இழுபட்ட மனிதருக்கு ஒருவழியாக விடுதலை. அழுது தீர்த்துக் கண்ணைத் துடைத்தபோது, கூடை நிறைய அரிசி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

வளைகுடா நகரொன்றின் தேரா பகுதியில், அவர்களின் சாப்பாட்டுக் கடைக்கு மேலேதான் வீடு. இரண்டுக்கும் அடுப்பு ஒன்றே. ஊரடங்கில் வியாபாரம் படுத்ததும், ஒரு தொண்டுக் குழு சின்னக் கடைகளுக்குப் பணம் கொடுத்துச் சமைக்கச் சொன்னது. கேம்புகளில் அடைபட்ட தொழிலாளர்களுக்கு வதனாவின் கடையிலிருந்து தினம் நூற்றியெண்பது பார்சல். ஒரு மணிக்கு வேன் வந்துவிடும்.

செத்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. துடக்கு என்ற அந்தச் சாவுத் தீட்டோடு ஊருக்குச் சோறு போடவும் கூடாது. யாழ்ப்பாணமென்றால் அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவருவார்கள். இங்கே அக்கம்பக்கம் என்று இருப்பது எதிர்க்கடை கௌஸ் முகம்மதுதான். அவன் சாப்பாட்டுக் கடை மூடி ஒரு மாதம். "பார்சல்ல பாதியை அவனுக்குக் குடுப்பமே" என்று ஆனந்தராசா கேட்டதற்கு, "முதல்ல எங்கட வயித்தைப் பாருங்கோ" என்று வாயை அடைத்தவள் இவள். இப்போது எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

வெட்கம் பார்த்தால் அத்தனை பேரும் பட்டினி. போய்க் கதவைத் தட்டினாள்.

"தம்பி, அவர் போயிட்டார். நான் அடுப்பு மூட்டேலாது. நீங்கள் சமைச்சுத் தருவீங்களோ?"

"யா அல்லா! அண்ணனா?" கௌஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு, "அரிசி ஊறிருச்சாக்கா?" என்றான்.

"ஊறிட்டுது. நாளையிலயிருந்து பாதி ஓடர் உங்களுக்கு."

"அதெல்லாம் அப்புறம். மணி பத்தாவுது. பாத்திரத்த எடுங்க."

ஷட்டர் கிறீச்சிட்டு ஏறியது. வெங்காயம் வதங்கும் வாசம் தெருவைத் தாண்டி வந்ததும்தான் வதனாவுக்கு மூச்சு வந்தது. ஆஸ்பத்திரிக்குள் ஒருவரைத்தான் விடுவார்கள் என்பதால், அங்குள்ள அலுவல்களைப் பார்க்க மைத்துனன் துவாரகன் போயிருந்தான். அவள் மாடி ஜன்னலை விட்டு நகரவில்லை.

ஒரு மணிக்கு வேன் வந்தது. பார்சல்கள் ஒன்று குறையாமல் ஏறின. அப்பாடா என்று கட்டிலில் உட்கார்ந்தாள்.

சற்றுப் பொறுத்துக் கௌஸ் படியேறி வந்து, மூடிய தட்டை வாசலில் வைத்துவிட்டு எட்டி நின்றான்.

"ஆஸ்பத்திரில உடம்ப குடுக்க நாளாவும்க்கா. வெறும் வயித்தோட இருக்காதீங்க."

அவன் இறங்கிப் போன பிறகு ஒரு வாய் வைத்தாள். குழம்பில் உப்பு தூக்கல். அடுத்த கவளத்தைப் பிசைந்தாள்.