பிச்சைமணி இறக்காத பெட்டி

2009 ஆகஸ்டில் பிச்சைமணியின் தலையில் ஏறிய மாத்திரைப் பெட்டி அதற்குப் பிறகு இறங்கவில்லை. பன்றிக்காய்ச்சல் உலகத்தைச் சுற்றிவந்த வருஷம் அது. கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கு விலை ஏறியது, முகமூடி விலை அதைவிட ஏறியது. தில்லியிலிருந்து சிவசங்கரன் என்ற அதிகாரி ஒரு கேமராக்காரரோடு கொச்சங்காடி கோடவுனுக்கு வந்தார். எங்கோ கடலுக்கு நடுவே இருக்கும் ஒரு தீவு நாட்டுக்கு நம் நாடு காய்ச்சல் மாத்திரை கொடுக்கிறது, அதை உலகம் இணையத்தில் பார்க்க வேண்டும். வேறொரு நாடு தன் பெட்டிகளின் படத்தை முந்தி ஏற்றிவிட்டதால் அவருக்கு அவசரம். கப்பலில் போக வேண்டிய சரக்கு இன்னும் வந்து சேரவில்லை. முன்னால் வந்த ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. அதில் மூவர்ணக் கொடியை ஒட்டி, அங்கே சுமை தூக்கும் சுமட்டுக்காரர்களில் பார்க்க நன்றாக இருந்த பிச்சைமணியின் தலையில் ஏற்றச் சொன்னார்.

சுமை தூக்குகிறவர்களுக்கு ஒரு நடைமுறை உண்டு. தலையில் ஏறிவிட்டால் நடந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் சுமைக்கு அந்த இடம் பிடித்துப்போகும் என்பார்கள். பிச்சைமணி அதுவரை நின்றதே இல்லை. "ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்க, நாட்டுக்காக," என்றார் சிவசங்கரன். பிச்சைமணியின் அப்பா தமிழ்நாட்டிலிருந்து நகரசபையில் சாக்கடை அள்ள வந்தவர். மகன் இங்கேயே பிறந்தும் பஜாரில் அவனுக்குப் பெயர், தமிழனை இளக்காரமாகச் சொல்லும் 'பாண்டி'தான். நாட்டுக்காக என்று அவனிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. அவன் நின்றான்.

படம் சாயங்காலமே துறையின் இணையதளத்தில் ஏறியது. பெட்டி இறங்கவில்லை. இரண்டு பேர் இழுத்தார்கள், நான்கு பேர் இழுத்தார்கள், கோடவுன் கப்பியில் கயிறு மாட்டித் தூக்கியபோது பெட்டியோடு பிச்சைமணியும் மேலே போனான். "எந்தாடா இது, தலையில முளைச்சுதோ?" என்றார் யூனியன் கன்வீனர் ஷாஜி. உலகத்தில் யாராவது படத்தைப் பார்க்கும்போதெல்லாம் கனம் கூடியது. கிழக்கே ஜனங்கள் எழுந்து கம்ப்யூட்டரைத் திறக்கும் நேரம் கழுத்து உள்ளே போகும், அவர்கள் சாப்பிடப் போனால் வெளியே வரும். சுள்ளிக்கல்லில் இருந்த அவன் வீட்டில், பெட்டியோடு நுழைய நிலைக்கு மேலே சுவரை இடித்தார்கள். அவன் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினான். சாயாக்கடையில் அவன் பெயர் மாறியது. "பாரதீயனுக்கு ஒரு ஸ்ட்ராங் சாயா! கொடி நனையாம குடிக்கணும் கேட்டோ!" பிச்சைமணிக்கு அது பிடித்திருந்தது.

செப்டம்பரில் அவன் மனைவி மாயம்மாளுக்கு அதே காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை தீர்ந்திருந்தது, ஆலுவா வரை போய்க் கேட்டும் இல்லை. மூச்சு இழுக்கத் தொடங்கியது. பக்கத்தில் பிச்சைமணி ஒரு பெட்டி மாத்திரையைத் தலையில் வைத்துக்கொண்டு கஞ்சி ஊட்டினான்.

"மேல இருக்கிறதை எடுக்காம கஞ்சிய ஊத்துறீங்களே," என்றாள் அவள்.

"அது நாட்டோட சாமான்டி. நம்பித் தந்திருக்காங்க."

"அப்ப நான் எந்த நாடு?"

அவன் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். வெளியே போய், பெட்டியைத் திறக்கலாமா என்று தில்லியில் கேட்கும்படி ஷாஜியிடம் சொன்னான். ஷாஜி தில்லிக்குப் போன் போட்டார். கொச்சியில் அடுத்தவன் சுமை இறக்குவதைச் சும்மா நோக்கி நிற்கிறவனுக்கும் யூனியன் கூலி வாங்கித் தரும்; அந்த நியாயத்தில்தான் அவர் ஆரம்பித்தார். "சாரே, எங்க சட்டத்தில நோக்குறவனும் சுமக்கிறவன்தான். ஒலகமே நோக்குதில்லே? ஆளுக்கொரு கை பிடிக்கச் சொல்லு." சிவசங்கரன் பொறுமையாகத் தளத்தைப் பார்க்கச் சொன்னார். தீவு நாட்டு மந்திரி கொடி ஒட்டிய ஏதோ ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டு சிரிக்கும் படம் நேற்றே ஏறியிருந்தது, கீழே நன்றியும் இருந்தது. பெட்டி போய்ச் சேர்ந்துவிட்டது என்றார்.

"அப்போ இவன் தலையில இருக்கிறது?"

"அங்கே எதுவும் இல்லை."

"இல்லாத்ததைத் திறந்தா குற்றமுண்டோ சாரே?"

இல்லாததைப் பற்றித் துறை கருத்துச் சொல்வதில்லை என்று சொல்லிவிட்டுச் சிவசங்கரன் போனை வைத்தார்.

ஷாஜி பெஞ்சில் ஏறி மூட்டைக் கொக்கியை எடுத்தார். பிச்சைமணி கையை உயர்த்தித் தடுத்தான். பெட்டி போய்ச் சேர்ந்ததென்றால் அதைச் சுமந்தது யார் என்று கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. உள்ளே மாயம்மாள் இருமினாள். "கிழிங்க சேட்டா," என்றான். "கொடி மேல படாம கிழிங்க."

அந்த வாரக் கடைசியில் மாயம்மாள் எழுந்து தானே தண்ணீர் மொண்டு குடித்தாள். மிச்ச மாத்திரை காய்ச்சல் கண்ட வீடுகளுக்குப் போனது. பெட்டி காலியானது, கனம் அப்படியே இருந்தது. அடுத்த வருஷம் நாடு வேறு படம் போட்டதும் கனம் மெல்லக் குறைந்து தொப்பி அளவுக்கு வந்தது. இறக்கிப் பார்க்கலாமா என்று ஷாஜி ஒருமுறை கேட்டார். பிச்சைமணி வேண்டாம் என்றான். வேலைக்கும் போனான், பெட்டிக்கு மேலேயே மூட்டையை ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாயம்மாள் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கைச் சீவி அதன் மேல் காயப்போட்டாள். காக்கை விரட்டத்தான் அவனுக்குச் சிரமமாக இருந்தது.