அவைக்குறிப்பில் இல்லாதது

சிலிண்டர் வால்வைத் திறந்தான். அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் வைத்தான். அது கொதிப்பதற்குள் பல் தேய்த்துவிட்டு வந்தான். தேயிலை, சர்க்கரை, பால். இரண்டு தம்ளர் எடுத்தவன் ஒன்றைத் திரும்பக் கவிழ்த்து வைத்தான். நின்றுகொண்டே குடித்தான். அடுப்பை அணைத்தான். வால்வை மூடினான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். திரும்பி வந்து வால்வைத் திருகிப் பார்த்தான். செருப்பை மாட்டினான். கழற்றிவிட்டு வந்து மறுபடியும் பார்த்தான்.

"மூடித்தான் இருக்கு மாப்பிள" என்றாள் மாமியார். கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டீ வேண்டாமென்று சொல்லிவிட்டாள். "இத்தோட மூணு தடவ பாத்துட்டீங்க."

அவன் மனைவி இறந்தது நேற்று மாலை. பரிசோதனை முடிந்து இன்று நாலு மணிக்குத்தான் உடலைத் தருவார்கள். கணவன் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்துக்குப் பிணவறையைப் பூட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் இரண்டு நாள் விடுமுறை.

"நாலு மணி வரைக்கும் இங்க என்ன செய்யறதுன்னு தெரியல அத்தை. ஆபீஸ் போயிட்டு நேரா அங்க வந்துடறேன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "போங்க. சுவரப் பாத்துட்டு நிக்கறதுக்கு அங்க போய் எழுதுங்க. வர்றவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள். கடைசியா என்ன சொன்னா? கூட இருந்தவன் அவன் ஒருவன்தான். நேற்றிலிருந்து அவன் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

படி இறங்கும்போது ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவரைப் பார்த்ததும் சுவரோரம் ஒதுங்கினான். எதிர்க்கட்சிச் சட்டமன்ற உறுப்பினர். அவர் அவனைத் தாண்டி மேலே ஏறிப் போனார். ஐந்து வருடமாக அவையில் அவர் பேச்சைக் கேட்டு அவைக்குறிப்பில் எழுதுகிறவன் அவன். அவருக்கு அவன் முகம் தெரியாது. அவையில் நிருபர்கள் மேசை நாற்காலியோடு சேர்த்தி.

அவர் வந்ததில் அவனுக்கு ஆச்சரியம் இல்லை. அவன் மனைவி நகர அரங்கத்தில் விளக்குப் போடுகிறவள். உயர ஏணியைக் கீழே இரண்டு பேர் பிடிக்க வேண்டும் என்பது விதி. போன வருடத்துச் செலவுக்குறைப்பில் ஒருவன் போனான். நேற்று மற்றவன் போன் பேச நகர்ந்தான், ஏணி சரிந்தது. இன்று அவையில் அந்த அரங்கத்தையும், நூலகங்களையும், அருங்காட்சியகத்தையும் ஒரே வாரியத்தின் கீழ் கொண்டுவந்து, வேண்டாத கட்டடங்களை விற்கும் மசோதா. ஊரே வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருந்தது.

நிருபர்கள் உறுப்பினர்களுக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். காரில் வந்தவர் பெயர் 'அதாவது'. அந்தச் சொல் இல்லாமல் அவரால் வாக்கியம் தொடங்க முடியாது. அவ்வளவையும் வெட்டிவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவார்கள். அதனால் ஏட்டில் அவர் பெரிய பேச்சாளர். ராத்திரி சோறு போடும்போது அவள் கேட்பாள், "இன்னைக்கு எத்தன அதாவது? ஒரு மூட்ட தேறுமா?" பிறகு கரண்டியை மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டு, "அதாவது, குழம்பு. அதாவது, உப்பு இல்லை" என்பாள்.

தலைமை நிருபர் அவனைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. பணி ஓய்வுக்கு நெருங்கிய அம்மாள். தன் டீயை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"வீட்டுக்குப் போன்னு சொல்லணுமா?"

"வேணாம் மேடம்."

"மூணு மணிக்கு அவையில எழுத ஆள் இல்ல. பத்து நிமிஷம். முடிச்சுட்டு அப்படியே கெளம்பிடு."

மூன்று மணிக்கு உள்ளே போனான். கைப்பேசி வெளியே பெட்டியில். நிருபர் மேசை அவையின் நட்டநடுவில், பள்ளத்தில் இருக்கிறது. இந்தப் பக்கம் ஆளுங்கட்சி, அந்தப் பக்கம் எதிர்க்கட்சி, தலைக்கு மேல் சபாநாயகர். அங்கே உட்கார்ந்தவன் தலை நிமிரக் கூடாது. சிரிக்கக் கூடாது. மாற்று ஆள் தோளைத் தொடாமல் எழுந்திருக்கக் கூடாது.

அமைச்சர் பேசிக்கொண்டிருந்தார். "பாட்டுக் கேட்டால் பசி போகுமா? நாடகம் பார்த்தால் காய்ச்சல் குறையுமா? இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளி நடையில் கிடக்கிறான், கட்டில் இல்லை. முதலில் கட்டில் போடுவோம், அப்புறம் மேடை போடுவோம்."

எழுதினான். அவளும் நேற்று நடையில்தான் கிடந்தாள். தள்ளுவண்டிக்கு மேலே ஒரு குழல்விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருந்தது. "ஸ்டார்ட்டர் போயிருக்கு, மாத்தினா சரியாயிடும்" என்றாள். தலையில் ஒரு புடைப்பு, அவ்வளவுதான். ஸ்கேனுக்கு முறை வரட்டும் என்றார்கள். வீடு வரை போய்விட்டு அவன் திரும்பியபோது அவள் முகத்தை மூடியிருந்தார்கள்.

அதாவது எழுந்தார்.

"அதாவது, தலைவர் அவர்களே, அமைச்சர் கட்டிலைப் பற்றிப் பேசினார். நான் ஏணியைப் பற்றிப் பேசுகிறேன். அதாவது, இரண்டு பேர் பிடிக்க வேண்டிய ஏணி."

குறுக்கீடு. எழுதினான்.

"இன்று காலை நான் அந்த வீட்டுக்குப் போனேன். அந்தத் தாயின் கையைப் பிடித்தேன். அதாவது, அந்தப் பெண் உயிர் பிரியும்போது என்ன சொன்னாள் தெரியுமா? 'என் மேடையில் விளக்கு அணையக் கூடாது.' அதுதான் அவளுடைய கடைசி வார்த்தை."

பேனா நின்றது.

மேசைகள் தடதடவென்று அதிர்ந்தன. அவனுடைய மேசையும் கூடச் சேர்ந்து அதிர்ந்தது. யாராவது எழுந்து 'அது பொய்' என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லக்கூடியவன் அங்கே ஒருவன் இருந்தான். அவனுக்கு மட்டும் அங்கே வாய் கிடையாது.

எழுதினான். 'என் மேடையில் விளக்கு அணையக் கூடாது.' முன்னாலிருந்த அதாவதை விட்டுவிட்டிருந்தான். கை தானாகச் செய்த வேலை. அடைப்புக்குறி போட்டான். (மேசையைத் தட்டும் ஒலி).

மாற்று ஆள் கதவருகே வந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து எதிர்க்கட்சி வாக்கெடுப்புக் கேட்டது. மணி அடித்தது. அடித்து முடித்ததும் எல்லாக் கதவுகளையும் பூட்டினார்கள். வாக்கு எண்ணி முடியும்வரை உள்ளே இருப்பவன் உள்ளே, வெளியே இருப்பவன் வெளியே. சபாநாயகரே கேட்டாலும் திறக்க மாட்டார்கள்.

பொத்தான் எந்திரம் ஒரு வரிசைக்கு வேலை செய்யவில்லை. எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். ஒருவர் இரண்டு தடவை நின்றார் என்று கூச்சல். மறுபடி எண்ணினார்கள். கூட்டல் வரவில்லை. சபாநாயகர் விதிப்புத்தகத்தைக் கேட்டார். சுவரில் மணி நாலைத் தாண்டியது. அவன் எல்லாவற்றையும் எழுதினான். கூச்சல் என்று எழுதினான். அமைதி என்று எழுதினான். கதவுக் கண்ணாடிக்கு வெளியே தலைமை நிருபர் அவனுடைய கைப்பேசியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றாள். அது அடிப்பது தெரிந்தது, கேட்கவில்லை.

கதவருகே உட்கார்ந்திருந்த காவலர் அவனைப் பார்த்து உதட்டை அசைத்தார். "ஒண்ணுக்கா?"

இல்லையென்று தலையாட்டினான். பொறுத்துக்கொள் என்று கை காட்டினார்.

மசோதா நிறைவேறியது. பூட்டுகள் திறந்தன. நாலே முக்கால்.

தலைமை நிருபர் வழியை மறித்தாள். "நம்ம ரூம் டிவில பாத்தேன். உன் பேனா நின்னுச்சு. அந்த ஆளு சொன்னது பொய்தானே?"

அவன் நோட்டை மூடினான்.

"சபாநாயகர்கிட்ட நான் பேசறேன். அவைக்குறிப்புல இருந்து நீக்கிடலாம். ஆனா உண்மையில என்ன சொன்னாங்கன்னு நீ ஒரு வரி எழுதிக் குடுக்கணும்."

பையிலிருந்து அவள் எடுத்த வெள்ளைத்தாளைப் பார்த்தான். அதை எழுதிக் கொடுத்தால் சபாநாயகர் படிப்பார். செயலாளர் படிப்பார். அதாவதுக்கு ஒரு நகல் போகும்.

"இருக்கட்டும் மேடம். அவையில சொன்னது அவையிலயே கெடக்கட்டும்."

நோட்டை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினான்.

பிணவறைக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை. கதவு திறந்துதான் இருந்தது. வாசற்படியின் நடுவில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். பூட்டும் சாவியுமாக ஊழியர் அவள் தலைக்கு மேல் நின்றார்.

"அரைமணி நேரமா சொல்றேன் சார், அம்மா எந்திரிக்க மாட்டேங்கறாங்க."

"எந்திரிச்சா பூட்டிடுவான் மாப்பிள" என்றாள். அதற்கப்புறம்தான் எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கையெழுத்துப் போட்டான். வண்டியில் ஏற்றினார்கள். அவளுக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் மாமியார். கதவை வெளியிலிருந்து சாத்தினார்கள். உள்ளே கைப்பிடி இல்லை. ஜன்னல் கண்ணாடிக்குச் சாயம் பூசியிருந்தது. எந்தத் தெருவில் போகிறோம் என்று திருப்பங்களை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"டிவில சொன்னாங்களாமே" என்றாள் மாமியார். "சத்தியமா நான் அப்படிச் சொல்லல. வேலை வேலைன்னு கெடந்தா, வேற நெனப்பே இல்லன்னுதான் சொன்னேன். அவரா ஜோடிச்சுக்கிட்டாரு."

"தெரியும் அத்தை."

"கேக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அவ அப்படிப் பேசறவ இல்ல."

"இல்ல."

வண்டி எங்கோ சிக்னலில் நின்றது. மாமியார் உடல்மேல் கிடந்த துணியின் ஓரத்தை நேராக இழுத்துவிட்டாள். இழுத்த கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. என்ன சொன்னா?"

ஒரு சொல்லையும் வெட்டாமல், ஒன்றையும் திருத்தாமல் சொன்னான்.

"'அது வந்து... கேஸ மூடினேனா இல்லையான்னு ஞாபகமே இல்ல. வீடு பக்கந்தானே, நீ ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடு. நான் எங்க போயிடப் போறேன்.'"