தூங்கின தண்ணி

மீன்கள் கல்லில் தேய்த்துக்கொள்வதை அவர் முதலில் பார்த்தது ஒரு திங்கட்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. தொட்டியின் மூலையில் கிடந்த கூழாங்கல்லை நோக்கி மேனேஜர் மெதுவாக வந்தது. கல்லருகே வந்ததும் சட்டென்று ஒருக்களித்து, விலாவை அதன்மேல் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, எதுவும் நடக்காதது போல் விலகிப் போனது. கொஞ்ச நேரத்தில் குண்டு அதையே செய்தது. பிறகு ஊமை. வாயில் நுரையோடு அவர் அப்படியே நின்றுவிட்டார்.

மூன்றும் தங்கமீன்கள். மூன்றும் அவர் மனைவியுடையவை. பெயர் வைத்ததும் அவள்தான். எப்போதும் முன்னால் போய், மற்ற இரண்டும் பின்னால் வருகின்றனவா என்று திரும்பிப் பார்ப்பதால் அது மேனேஜர். அவள் கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய் நாற்பது நாள் ஆகியிருந்தது. கோபித்துக்கொண்டு என்றுகூடச் சொல்ல முடியாது. அமைதியாகத்தான் போனாள். மீன்களை இங்கேயே விட்டுப் போயிருந்தாள், அப்படியென்றால் திரும்பி வருவாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் நாற்பது நாளையும் ஓட்டியிருந்தார்.

முந்தின நாள் போன் செய்திருந்தாள்.

"மீனெல்லாம் நல்லா இருக்குல்ல?"

"ம். ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு."



"வர்ற ஞாயித்துக்கிழமை வர்றேன். பாத்துட்டு முடிவு பண்றேன்" என்று வைத்துவிட்டாள்.

எதை முடிவு பண்ணுவது என்று அவர் கேட்கவில்லை. வருகிறாள் என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அன்றே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, நாற்பது நாளாகத் தொடாத தொட்டியைத் தேய்த்துக் கழுவினார். குழாயைத் திறந்து புதுத் தண்ணீர் பிடித்து நிரப்பினார். தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தொட்டி தெளிந்து நின்றது.

மறுநாள்தான் இந்தத் தேய்ப்பு.

அவர் தொழிலே தேய்ப்பதுதான். கண்ணாடிக் கடையின் பின்னறையில், சுழலும் கல்லில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமுக்குள் உட்கார வைப்பார். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத கீறலும் அவருக்குத் தெரியும். அன்று மாலை கடையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துவந்து தொட்டியின் முன் மண்டியிட்டு உட்கார்ந்தார். செதில், துடுப்பு, செவுள், வால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெள்ளைப் புள்ளி இல்லை. சிவப்பு இல்லை. நூல் மாதிரி எதுவும் தொங்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊமை வந்து மோட்டார் குழாயில் முதுகைத் தேய்த்தது.

"ஒண்ணுமில்லையே" என்றார் வாய்விட்டு.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது. இதே பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, இதே குரலில், இதே சொல்லை அவர் முன்பும் சொல்லியிருக்கிறார். அவளுக்கு ஐந்தாறு மாதமாக உடம்பு அரித்துக்கொண்டிருந்தது. கை, முதுகு, கழுத்து. சமையலறை நிலைப்படியில் முதுகை வைத்துத் தேய்த்துக்கொண்டு நிற்பாள். விளக்கடியில் அவள் கையை நீட்டச் சொல்லி, அக்கறையாகத்தான் பார்த்தார். தோல் பளிங்கு மாதிரி இருந்தது.

"தண்ணிதாங்க எனக்கு ஒத்துக்கல" என்றாள்.

"அதே தண்ணியிலதான் நானும் குளிக்கிறேன். எனக்கு அரிக்குதா? ஒண்ணுமில்ல, மனசுதான்."

அதன் பிறகு அவள் அரிப்பைப் பற்றிப் பேசவேயில்லை.

செவ்வாய்க்கிழமை வளர்ப்பு மீன் கடைக்குப் போனார். கடைக்காரர் பருத்த மனிதர், வாய் ஓயாதவர். போனில் எடுத்த படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"சார், மீனுக்குக் கையா இருக்கு? அரிச்சா கல்லுலதான் தேய்க்கும்."

"ஏன் அரிக்குது?"

"அத அதுங்ககிட்டதான் கேக்கணும். என்கிட்ட எந்த மீனும் வாயத் தொறந்து சொன்னதில்ல." ஒரு நீல மருந்துப் புட்டியை எடுத்து வைத்தார். "கண்ணுக்குத் தெரியாத பூச்சியா இருக்கும். தினம் நாலு சொட்டு. தண்ணிய மட்டும் சுத்தமா வெச்சுக்குங்க."

சுத்தம் என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தினமும் காலையில் எழுந்ததும் பாதித் தொட்டியை இறைத்துவிட்டு, குழாயிலிருந்து நேராகப் புதுத் தண்ணீர். நாலு சொட்டு. புதன்கிழமை தேய்ப்பு அதிகமானது. சரி, தண்ணீர் போதவில்லை என்று வியாழக்கிழமை முக்கால் தொட்டியை மாற்றினார். மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கல்லில் போய் மோதிக்கொண்டன. எதையோ உடம்பிலிருந்து உரித்துப் போட்டுவிட வேண்டும் என்பது போல. அந்த வெறியைப் பார்க்க முடியாமல் கல்லை எடுத்து வெளியே வைத்தார். அவை தொட்டியின் தரையில் தேய்த்தன.

கடையில் இரண்டு லென்ஸை உடைத்தார். "என்னய்யா, கண்ணு தெரியலையா? உனக்கே ஒரு கண்ணாடி போட்டுத் தரட்டுமா?" என்றார் முதலாளி. பின்னறையில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொட்டிக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கெஞ்சினார். "ரெண்டே நாள்டா. அவ வந்து பாத்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் இருங்கடா."

சனிக்கிழமை காலை மேனேஜர் மேலே மிதந்தது.

அதை ஒரு டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு, கடை திறக்கும் முன்பே போய் நின்றார். கடைக்காரர் இந்த முறை சிரிக்கவில்லை. செவுளை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"தண்ணி எத்தனை நாளைக்கு ஒருதரம் மாத்துறீங்க?"

"தினமும். நீங்கதானே சுத்தமா வெச்சுக்கச் சொன்னீங்க."

"பிடிச்சு எவ்வளவு நேரம் வெப்பீங்க?"

"வெக்கறதா? நேரா குழாய்லேர்ந்துதான். ஃபிரெஷ் தண்ணி."

கடைக்காரர் டப்பாவை மூடினார். "குழாய்த் தண்ணியில க்ளோரின் இருக்கும் சார். ஒரு நாள் முழுக்கத் திறந்து வெச்சு, அது போனப்புறம்தான் ஊத்தணும். இல்லேன்னா எரிச்சல்ல துடிச்சிடும். அன்னிக்கே நான் கேட்டிருக்கணும், தப்புதான். ஏன் சார், உங்க வீட்ல ஒருத்தருக்குமா இது தெரியாது?"



அவள் இருந்தவரை வீட்டில் பால்கனிக் கதவருகே எப்போதும் ஒரு பச்சை வாளி நிறையத் தண்ணீர் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அதில் கால் கட்டைவிரலை இடித்துக்கொள்ளாத வாரம் கிடையாது. "இத எடுத்துத் தொலைக்கக் கூடாதா?" என்று கத்துவார். "சத்தம் போடாதீங்க, தண்ணி தூங்குது" என்பாள் அவள். மீனுக்கும் அதைத்தான் ஊற்றுவாள். கடைசி மாதங்களில் அதிலேயே குளிக்கவும் குளித்தாள். சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு பெயரா என்று அவர் நினைத்துக்கொள்வார். அவள் போன மறுநாள் முதல் வேலையாக வாளியைக் கவிழ்த்து, கழுவி, பரண்மேல் போட்டுவிட்டார்.

"தெரியும்" என்றார் கடைக்காரரிடம். "சொல்லியிருக்காங்க."

க்ளோரினை முறிக்கும் மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போது குடியிருப்பு வாசலில் காவல்காரரைப் பார்த்தார்.

"மாடித் தண்ணித் தொட்டியில ப்ளீச்சிங் பவுடர் போடுவீங்களா?"

"போடாமலா சார்? முன்னாடி ஒரு டப்பா. மூணாவது மாடி அம்மா புழு இருக்குன்னு கத்தினாங்க பாருங்க, அதுலேர்ந்து ரெண்டு." பெருமையாக நெஞ்சை நிமிர்த்தினார். "ஒரு கிருமி அண்டாது."

"அவங்க எப்போ கத்தினாங்க?"

"ஒரு ஆறேழு மாசம் இருக்கும்."

மருந்தைத் தொட்டியில் ஊற்றினார். பரணிலிருந்து வாளியை இறக்கி, நிரப்பி, பழைய இடத்தில் வைத்தார். குண்டும் ஊமையும் அடியில் படுத்து மூச்சு வாங்கின. அன்று முழுவதும் அவர் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் ஊமை ஒருமுறை மோட்டார் குழாயருகே போனது. அது தேய்க்காமல் திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். அண்ணன் கீழே காரிலேயே இருந்தார். செருப்பைக் கழற்றியதும் நேரே தொட்டிக்குத்தான் போனாள்.

"மேனேஜர் எங்க?"

"செத்துடுச்சு. நான்தான்... குழாய்த் தண்ணிய அப்படியே ஊத்தினேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பார்வை அவள் கைகளில் இருந்தது. நகம் வளர்ந்திருந்தது. அரிக்கும்போது ரத்தம் வரக்கூடாதென்று ஒட்ட வெட்டிக்கொண்டிருந்த நகம்.

"அரிப்பு?"

"அங்க போன நாலாம் நாளே நின்னுடுச்சு."

"ஏன் எனக்குச் சொல்லல?"

"தண்ணிதான்னு அப்பவே சொன்னேனே. நீங்க பூதக்கண்ணாடிய எடுத்துக்கிட்டு வந்தீங்க."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்கு எதையாவது பிடித்துக்கொள்ள முடிந்திருக்கும். மீன் தொட்டியின் மோட்டார் மட்டும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. நான் உன்னைப் பார்க்கவே இல்லை, தோலைத்தான் பார்த்தேன் என்று சொல்ல நினைத்தார்.

அவள் பால்கனிப் பக்கம் போனாள். வாளியைக் கண்டு நின்றாள். குனிந்து விரலை நனைத்து முகர்ந்தாள்.

"எப்போ பிடிச்சது?"

"நேத்து காலையில. ஒரு நாள் ஆச்சு."

கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் பைகளில் அந்தத் தண்ணீரை மொண்டு, குண்டையும் ஊமையையும் தனித்தனியாக விட்டாள். அலமாரியைத் திறந்து மீதித் துணிகளை எடுத்தாள். அவர் சுவரோரம் நின்றார். முடிவு என்னவென்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"மீதித் தண்ணி?" என்றார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அண்ணன் வீட்ல கிணத்துத் தண்ணி. எடுத்ததும் மீனுக்கு ஒத்துக்குமான்னு தெரியல. கீழ வரைக்கும் கொண்டு வாங்க."

இரண்டு கையாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்கினார். ஒரு சொட்டு சிந்தக்கூடாதென்று ஒவ்வொரு படியாகக் கால் வைத்தார்.

"என்ன மாப்ள, எங்க வீட்ல தண்ணிக்குப் பஞ்சமா?" என்று அண்ணன் சிரித்தார்.

"இது தூங்கின தண்ணி மச்சான். மெதுவா ஓட்டுங்க."

மீன் பைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் அவரைப் பார்த்ததே இல்லை. ஏதோ சொல்லப் போகிறாள் என்று நின்றார். அண்ணன் வண்டியை எடுத்துவிட்டார்.

மேலே வந்து அவசரமாகப் பால்கனிக் கதவைத் திறந்தார், தெருத் திருப்பத்தில் இன்னொருமுறை பார்த்துவிடலாமென்று. வாளி இருக்கும் இடத்தைத் தாண்ட, பழக்கத்தில் கால் தானாக உயர்ந்தது. அங்கே ஈர வட்டம் மட்டும் இருந்தது.