இடது பக்கம் கம்மி

ரசாயனம் வந்த நீல டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதன் மேல் ஏறி நின்று, வலது காலைத் தூக்கி மைனா என்கிற குதிரையின் முதுகுக்கு அந்தப் பக்கம் போடுவதற்குள் செண்பகத்துக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன்பு டிரம் கிரம் எதுவும் கிடையாது. தரையிலிருந்து ஒரே எம்பில் மேலே இருப்பாள். இப்போது யாராவது கேட்டால், குதிரையின் முதுகு ஒரு பக்கமாக இழுபடக் கூடாது, வெளிநாட்டிலெல்லாம் இப்படித்தான் ஏறுகிறார்கள் என்று ஒரு பதில் வைத்திருந்தாள். அது உண்மையும்கூட. உண்மையாக இருந்ததால் அந்தப் பொய்யைச் சொல்லச் சுலபமாக இருந்தது.

ஆம்பூரைச் சுற்றி எந்தத் தெருவில் நுழைந்தாலும் செருப்பும் ஷூவும்தான். நெடுஞ்சாலையை ஒட்டிய இந்தக் கம்பெனியில் மட்டும் குதிரைச் சேணம் செய்தார்கள். எல்லாம் கப்பலேறிப் போகிற சரக்கு. சேணத்துக்கு அடியில் குதிரையின் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் படிகிற மாதிரி இரண்டு மெத்தைகள் இருக்கும். உள்ளே கம்பளிப் பஞ்சு. பஞ்சு ஒரு பிடி கூடினாலும் குறைந்தாலும் சேணம் சாயும், குதிரைக்கு முதுகு புண்ணாகும். அதனால் பத்துச் சேணத்துக்கு ஒன்றை எடுத்து மைனாவின் மேல் கட்டி, செண்பகம் ஏறி ஆறு சுற்று வருவாள். அவள் சொல்வதை வைத்து அந்தப் பத்துக்கும் பஞ்சைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். சரியாகிவிட்டால் சேணத்தின் மடலைத் தூக்கி உள்பக்கம் சாக்பீஸால் ‘செ’ என்று எழுதுவாள். அந்த எழுத்து இல்லாமல் ஒரு பெட்டிகூட வெளியே போகாது.

சம்பளப் பட்டியலில் அவள் பெயர் நூல் வெட்டுகிற பெண்களோடுதான் இருந்தது. இருக்கட்டுமே. ஏலகிரியில் படகுத் துறைக்குப் பக்கத்தில் சுற்றுலாக்காரர்களுக்காக அவள் அப்பா இரண்டு குதிரை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே குதிரை ஏறியவள். கல்யாணமாகி வாணியம்பாடிக்கு வந்து, பதினைந்து வருஷம் ஷூ கம்பெனியில் பசை தடவிவிட்டு, முப்பத்தெட்டு வயதில் மறுபடி ஒரு குதிரை கிடைத்ததே, அதைச் சம்பளத்தில் கணக்குப் பார்க்க அவள் என்ன பைத்தியமா? நாற்பத்தொரு வயதில் தினம் காலையில் பேருந்துக்கு ஓடுகிற அத்தனை பெண்களிலும் வேலைக்கு ஆசையாகப் போகிறவள் தான் ஒருத்தி மட்டும்தான் என்று அவள் நினைத்தாள்.

விழுந்தது ஒரு சாதாரண நாளில். லாரியின் தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்தது, மைனா மிரண்டு துள்ளியது, செண்பகத்தின் இடது இடுப்பு சிமெண்ட் விளிம்பில் போய் மோதியது. எக்ஸ்ரேயில் எலும்பு முறியவில்லை. நான்கு நாள் லீவு கொடுத்தார்கள். மூன்றாம் நாளே வந்து நின்றாள். அந்தத் திமிரைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவளுக்கே தன்னை ஒரு அறை விடலாம் போலிருக்கும்.

வலி போகவில்லை, அவளோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்தது. தொடை இடுக்கில் ஆழத்தில், கை வைத்துக் காட்ட முடியாத ஓரிடத்தில் இருந்தது. பேருந்தில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே வந்தாள். சம்மணம் போடுவதை விட்டாள். கல்யாண வீடுகளில் மேசை இருந்தால் சாப்பிட்டாள், பாய் விரித்தால் வயிறு சரியில்லை என்றாள். கொலுசு மாட்ட மகளைக் கூப்பிடுவது போய், கொலுசே போடாமல் ஆனாள். ராத்திரியில் இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை. குதிரை ஏறுவதற்கு அரை மணிக்கு முன்னால் ஒரு மாத்திரை. வாய் திறந்து சொன்னால் குதிரையிலிருந்து இறக்கிவிடுவார்கள். அதனால் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வருஷம் இப்படி ஓடிய பிறகு, சேணங்கள்தான் திடீரென்று மோசமாகிவிட்டன. அப்படித்தான் அவள் நினைத்தாள். எதில் உட்கார்ந்தாலும் இடது பக்கம் காலியாக, பிடிப்பில்லாமல் இருந்தது.

“பாய், இடது பக்கம் கம்மி” என்பாள்.

பஞ்சு அடைக்கும் மாஸ்டர் தௌசீப் அகமதுக்கு ஐம்பத்தேழு வயது. இருபத்தாறு வருஷமாக அதே மேசை, அதே இரும்புக் கம்பி. அவர் மறுபேச்சுப் பேசமாட்டார். சேணத்தைத் திருப்பிப் போட்டு, கம்பியால் இடது மெத்தைக்குள் பஞ்சைத் தள்ளுவார். மறுபடி ஏறுவாள். இன்னும் கொஞ்சம் என்பாள். மூன்றாம் தடவையில் சேணம் அவளைத் தாங்கிப் பிடிக்கும், வலி அடங்கும், அப்பாடா என்று இருக்கும். இறங்கி ‘செ’ எழுதுவாள். ஆறு மாதம் இப்படியே போனது.

ஒரு திங்கட்கிழமை நாற்பது சேணங்கள் திரும்பி வந்தன. கூடவே குதிரை முதுகுகளின் படங்கள் வந்தன. முதுகெலும்புக்கு இடது பக்கம் முடி உதிர்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு வீங்கியிருந்தது. தர மேலாளர் கார்முகிலன் ஒரு சேணத்தைத் திருப்பிப் போட்டு அளந்தான். இடது மெத்தை வலதைவிட ஒரு விரல் தடிப்பு. பையன்தான், முப்பதுகூட ஆகவில்லை, கத்துகிற சுபாவமும் இல்லை. பாயை ஓரமாகக் கூப்பிட்டு, கண் பார்வையெல்லாம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம், செட்டில்மெண்டில் ஒன்றும் குறை வராது என்றான். பாய் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு மேசைக்குத் திரும்பி வந்து கம்பியைத் துடைத்தார்.

செண்பகம் அந்த நாற்பதிலும் சோதனைச் சேணங்களைத் தேடி மடலைத் தூக்கிப் பார்த்தாள். நான்கிலும் அவள் கையெழுத்து. பாய் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சாப்பாட்டு நேரத்தில் நேரே போய்க் கேட்டுவிட்டாள்.

“நான்தானே அடைக்கச் சொன்னேன்? ஏன் பாய் சார்கிட்ட சொல்லல?”

பாய் டிபன் மூடியை நிதானமாகத் திருகினார். “நீ சொன்னா குதிரையே சொன்ன மாதிரிம்மா. ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்னு கை சொல்லிச்சு. நீ கம்மின்ன. சரி, கைக்கு வயசாய்ட்ச்சின்னு நெனச்சேன்.”

ஆறு மாதமாக இந்த மனுஷன் தன் கையைத் தானே நம்பாமல், யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். தான் இடுப்பை மறைத்த மாதிரியேதான்.

அன்று சாயங்காலம் எல்லோரும் போனபின் ஒரு காரியம் செய்தாள். புதுச் சேணம் ஒன்றை எடுத்து, பாயை அவர் கை சொல்கிறபடியே சமமாக அடைக்கச் சொன்னாள். மைனாவின் முதுகில் வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் சேணத்தைக் கட்டி இருபது சுற்று வந்தாள். இறங்கித் துணியை எடுத்தால், வலது பக்கம் வியர்வையும் அழுக்கும் அப்பிக் கிடந்தது. இடது பக்கம் லேசாக ஒரு கறை. துணியை மாற்றினாள். இப்போது வேறு யாராவது ஏற வேண்டும். மைதானத்தில் பாயை விட்டால் ஆள் இல்லை.

இருபத்தாறு வருஷம் சேணத்தில் பஞ்சு அடைத்தவர் ஒரு நாளும் குதிரை ஏறியதில்லை. லுங்கியா என்ன, பேண்ட்தானே போட்டிருக்கிறீர்கள் என்று செண்பகம் விரட்டினாள். பிஸ்மில்லா சொல்லி டிரம்மில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். ஒருவழியாக மேலே போனதும் இரண்டு கையாலும் பிடரி மயிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். மைனா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தது. செண்பகம் கயிற்றைப் பிடித்து இருபது சுற்று நடத்தினாள். பத்தாவது சுற்றுக்கு மேல் பாய் கண்ணைத் திறந்தார். இறங்கும்போது முகத்தில் சிரிப்பு.

துணியை விரித்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே அச்சு.

பாயின் சிரிப்பு நின்றது. துணியைப் பார்த்தார், அவள் இடுப்பைப் பார்த்தார். “எத்தினி நாளாம்மா?” என்றார். விழுந்த நாள் முதல் என்று சொல்லும்போது செண்பகம் அழுதுவிட்டாள்.

பாய் இரண்டு துணியையும் மடித்தார். தனக்கு எப்படியும் இன்னும் மூன்று வருஷ வேலைதான், அவளுக்கு முழுசாக இருக்கிறது, இதை இப்படியே விட்டுவிடலாம் என்றார். அவர் சொன்னது அவளுக்கு ஒரு நிமிஷம் இனிப்பாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். மறுநாள் காலை இரண்டு துணியையும் கார்முகிலனின் மேசையில் விரித்து, எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் இரண்டு துணியையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். அவள் எழுதிப் போட்ட சேணங்கள் எத்தனை நாட்டுக்குப் போயிருக்கும் என்று அவன் மனசுக்குள் ஓடியது முகத்திலேயே தெரிந்தது. “இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்க்கா” என்றான். பாயிடம் போய் மன்னிப்புக் கேட்டான். அவளை நூல் வெட்டும் மேசைக்கு அனுப்பினான். முதலில் உடம்பைப் பார்க்கட்டும், பிறகு பேசலாம். நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து நூல் வெட்டுவது குதிரை ஏறுவதைவிட மோசமாக வலித்தது. ஜன்னல் வழியாக மைனாவின் வால் மட்டும் தெரியும்.

வேலூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்பு மூட்டைச் சுற்றியிருக்கிற ஜவ்வு கிழிந்திருந்தது. ஆபரேஷனைப் பிறகு பார்க்கலாம், இப்போது பயிற்சி என்றார் டாக்டர். ஆறு வாரம் கழித்து, குதிரையை நடக்க மட்டும் விடுவதென்றால், அரை மணி ஏறலாம். பயிற்சி கொடுத்த ஸ்வேதா என்கிற பெண் அவளைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி நேராக நிற்கச் சொன்னாள். செண்பகம் நேராக நின்றாள். கண்ணாடியில் ஒரு பொம்பளை வலது பக்கம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். ஸ்வேதா அவளுடைய தோளையும் இடுப்பையும் பிடித்து நகர்த்தி வைத்தாள்.

“இப்ப எப்டிம்மா இருக்கு?”

“இடது பக்கமா விழறாப்பல இருக்கு.”

“இதாம்மா நேரா நிக்கறது. உங்க உடம்பு மறந்துட்ச்சி. கொஞ்ச நாளைக்கு நேரா இருந்தா கோணலாத்தான் தெரியும்.”

ஆறு வாரம் அந்தக் கோணலைப் பழகினாள். சோறு பொங்கும்போது, பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, விழுகிற மாதிரி நின்றாள். புருஷன்கூட, என்ன இவள் பொம்மை மாதிரி நிற்கிறாள் என்று கேலி செய்தான். ஆறு வாரம் முடிந்து டாக்டரின் சீட்டோடு போய் நின்றபோது கார்முகிலன் யோசித்தான். மேலிடத்தில் வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டார்களாம். கடைசியாக ஒன்று சொன்னான். மூன்று சேணம் வைப்பான். ஒன்றில் பாயை வைத்து வேண்டுமென்றே கோணலாக அடைத்திருப்பான். எது என்று அவள் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அவன் மேலே பேசிப் பார்ப்பான். தப்பினால் நூல் மேசைதான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. பாய் எந்த ஜாடையும் காட்டக் கூடாது என்று வாசற்படியில் நிறுத்தப்பட்டிருந்தார். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். செண்பகம் மாத்திரை போடாமல் வந்திருந்தாள். டிரம்மில் ஏறி, முதல் சேணத்தில் உட்கார்ந்தாள். தோளை ஸ்வேதா வைத்த இடத்தில் வைத்தாள். இடுப்பில் சுரீர் என்றது. ஆறு சுற்றும் இடது பக்கம் விழுந்துகொண்டே இருந்தாள். இறங்கினாள்.

இரண்டாவது சேணத்தில் உட்கார்ந்ததும் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வலி இல்லை. விழுகிற மாதிரியும் இல்லை. இடது பக்கம் நிறைந்து, இடுப்பைக் கையில் ஏந்திக்கொண்டது போலிருந்தது. ஒன்றரை வருஷமாக இந்த உடம்பு கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். மைனா நடக்க நடக்க, ஏலகிரியில் ஏரிக்கரையில் சுற்றிய நாள் மாதிரி உடம்பு லேசானது. இதுதான் சரியான சேணம் என்று உடம்பு அடித்துச் சொன்னது. ஆறு சுற்று முடிந்தது. அவள் நிறுத்தவில்லை. கார்முகிலன் கையைக் காட்டினான். இன்னும் ஒரு சுற்று என்று சொல்லிவிட்டு, மெதுவாக, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக அந்த ஏழாவது சுற்றையும் வந்தாள்.

டிரம் பக்கத்தில் நின்றதும் கார்முகிலன் பேனா மூடியைக் கழற்றினான்.

“இதாங்க சார் கோணல்” என்றாள் செண்பகம். “இதுல வலியே இல்ல.”

வாசற்படியில் பாய் இன்னும் நிமிரவில்லை. கார்முகிலன் எதையோ எழுதிக்கொண்டு, மூன்றாவதையும் பார்த்துவிடலாமே என்றான். பார்க்காமல் என்ன? சேணத்தை மாற்றிக் கட்டினார்கள். அவள் மறுபடி டிரம்மின் மேல் ஏறி நின்று மூச்சைப் பிடித்தாள், வலது காலை அந்தப் பக்கம் போட்டாள். முதல் சேணத்தில் போலவே வலி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. மைனா நடக்க ஆரம்பித்தது. வெயில் ஏறுகிற மைதானத்தில் செண்பகம் இடது பக்கமாக விழுந்துகொண்டே, குதிரையின் மேல் நேராக உட்கார்ந்திருந்தாள்.