கண்மணி இல்லத்தில் ஒரு காலி அறை

கொடைக்கானல் ஏரிக்கு மேலே, மிஷன் நடத்திய விருந்தினர் விடுதியில் அறைகள் அத்தனையும் கித்தேரியம்மாள் பொறுப்பு. வந்து தங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேரை அவளுக்குப் பிடிக்காது. ஒரு மனிதனைத் தெரிந்துகொள்ள அவனோடு பேச வேண்டிய அவசியமே இல்லை, அவன் காலி செய்துவிட்டுப் போன அறையைப் பார்த்தால் போதும் என்பது அவள் கட்சி. கம்பளியில் வெற்றிலைக் கறை, கைகழுவும் தொட்டியில் மீன்முள், தலையணை உறையால் துடைத்த செருப்பு என்று இருபது வருஷமாகப் பார்த்துப் பார்த்து, சமவெளியிலிருந்து காரில் வந்து இறங்கும் பெரிய மனிதர்கள் என்றாலே அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணும்.

அவர்களில் முதலிடம் பொன்னுவேலுக்கு. மதுரையில் தேங்காய் மண்டி வைத்திருந்தார். மே மாதம் பிறந்தால் மனைவி கண்மணியோடும் மச்சினர்களோடும் வந்து இறங்கிவிடுவார். ஜன்னல் ஏரியைப் பார்த்தபடி இருக்க வேண்டும், வெந்நீர் ஆவி பறக்க வர வேண்டும், கம்பளியில் பூச்சி உருண்டை வாசனை வரக் கூடாது. வராந்தாவில் நின்று, "மனுசன் தங்குற எடமா இது?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வார். ஆனாலும் அடுத்த வருஷம் அதே அறையைத்தான் கேட்பார். அவர் போன பிறகு அந்தக் குளியலறையைக் கழுவ ஆள் அனுப்பினால் யாரும் போக மாட்டார்கள். கித்தேரியம்மாளே போக வேண்டியிருக்கும்.

எண்பத்திரண்டாம் வருஷம் அவள் மகள் அமலி பிளஸ் டூ முடித்தாள். மதுரையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, ஹாஸ்டலில் மட்டும் இடமில்லை. வெளியே தனியார் விடுதி எதையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். கித்தேரியம்மாளின் கணவர் மரியஅந்தோணி ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டினார். யார் எதைச் சொன்னாலும் நல்லதாகவே எடுத்துக்கொள்கிற மனிதர். அந்த வருஷம் தாமதமாக ஜூனில் வந்து இறங்கிய பொன்னுவேலின் பெட்டிகளைக் காரிலிருந்து இறக்க உதவப் போன இடத்தில் மகள் விஷயத்தைச் சொல்ல, பொன்னுவேல் இவர் தோளிலேயே கை வைத்துவிட்டார். கல்லூரிக்குப் பக்கத்திலேயே தன் வீடு ஒன்று இருக்கிறதாம். மனைவி பெயரில் கண்மணி இல்லம். படிக்கிற பெண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் அறை கொடுக்கிறாராம். கோட்டை மாதிரி காவல். ஒரே ஒரு அறை காலியாக இருக்கிறது, உங்கள் பிள்ளைக்கென்று வைத்திருக்கிறேன் என்றாராம்.

மரியஅந்தோணி மூச்சிரைக்க வந்து இதைச் சொன்னபோது கித்தேரியம்மாள் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தாளு குளிச்ச எடத்தை நீங்க பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன்," என்றாள். "வீடு அதுக்கு மேலயா இருக்கப் போகுது?"

"பெரிய மனுசன் அவரா வந்து கேக்குறாரு கித்தேரி."

"பாக்காம ஒரு வார்த்தை கொடுக்கக் கூடாது. நாம வர்றோம்னும் அவர்கிட்டச் சொல்லக் கூடாது."

ஜூன் கடைசியில் ஒருநாள் வெள்ளனே மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். மதுரையில் இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்தது. இந்த ஊரில் மனிதர்கள் இருப்பதே ஒரு வீம்புக்காகத்தான் என்று கித்தேரியம்மாள் நினைத்தாள். பொன்னுவேல் வீட்டுக்கு முன்னால் வேறு இரண்டு இடங்களைப் பார்த்துவிடலாம் என்று ஒரு புரோக்கரைப் பிடித்திருந்தார்கள்.

முதல் வீட்டில் ஓட்டுச் சாய்ப்பு ஒன்றைக் காட்டிய அம்மாள், இவர்கள் என்ன ஆட்கள் என்று விசாரித்தாள். கிறிஸ்தவர்கள் என்றதும், அப்படியானால் கறி சமைப்பீர்களே என்று மூக்கைச் சுளித்தாள்.

"கறியைப் பத்தி அப்புறம் பேசலாம்," என்றாள் கித்தேரியம்மாள். "இந்தக் கக்கூசுக்குக் கதவு எங்கம்மா?"

கதவு இல்லை. சாக்குத்தான் தொங்கியது. இவள் திரும்பி நடந்துவிட்டாள்.

இரண்டாவது இடம் உண்மையிலேயே நல்ல அறை. காற்று வந்தது, தண்ணீரும் வந்தது. ஆனால் வீட்டுக்காரர், ரிட்டயர்டு ஆன ஏதோ அதிகாரி, பேசி முடிக்கிறவரை சாய்வு நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமல் தீக்குச்சியால் பல் குத்திக்கொண்டே இருந்தார். தெருவுக்கு வந்ததும் கித்தேரியம்மாள் வேண்டாம் என்றாள். அறையில் என்ன குறை என்று மரியஅந்தோணி கேட்டதற்கு, அறையில் குறை இல்லை, ஆளில்தான் குறை என்றாள். அமலி வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாவுக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு வீட்டுக்காரன் பிறந்துவருவதற்குள் தன் மூன்று வருஷப் படிப்பும் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

கண்மணி இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நடுப்பகல். மாடி வீடு. கீழே முழுக்கத் தேங்காய் மூட்டை அடுக்கிய கிட்டங்கி. பக்கவாட்டில் மாடிப்படி, படிக்குக் கீழே இரும்புக் கதவு. கதவில், வெளிப்பக்கமாக, ஒரு பெரிய பூட்டு. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டிலிருந்து பாப்பம்மாள் என்கிற ஒரு பெண், இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க வந்தாள். பொன்னுவேலுக்கு ஒன்றுவிட்ட அக்காள் என்று சொல்லிக்கொண்டாள். இங்கே எல்லாம் அவள் மேற்பார்வைதானாம். பிள்ளைகளெல்லாம் காலேஜுக்குப் போய்விட்டார்கள், உள்ளே யாரும் இல்லை, அதனால்தான் பூட்டு என்றாள். ராத்திரியும் இப்படித்தான், பொழுது சாய்ந்ததும் பிள்ளைகளை உள்ளே விட்டுப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவாளாம். அதைப் பெருமையாகத்தான் சொன்னாள்.

"உள்ள ஒரு தீ, கீன்னு ஏதாவது ஆனா?" என்று கேட்டாள் கித்தேரியம்மாள்.

"இத்தன வருசமா ஆகலையே."

ஆண்பிள்ளைகள் மாடிக்கு வரக் கூடாது என்று பாப்பம்மாள் சொன்னதால் மரியஅந்தோணி கீழேயே நின்றார். அம்மாவும் மகளும் ஏறினார்கள்.

மாடியில் ஒரே ஒரு பெரிய கூடம். அதைப் பிளைவுட் பலகையால் ஆறாகத் தடுத்திருந்தார்கள். ஒவ்வொரு தடுப்புக்கும் ஒரு நம்பர், ஒரு திரைத்துணி. பலகை கூரைவரை போகவில்லை. ஒரு தடுப்பில் தும்மினால் ஆறிலும் கேட்கும். கூடத்துக்கு இருந்தது ஒரே ஜன்னல். அதன் நடுவிலேயே ஒரு பலகையை நிறுத்தி, இந்தப் பக்கத்துப் பெண்ணுக்குப் பாதி ஜன்னல், அந்தப் பக்கத்துப் பெண்ணுக்குப் பாதி ஜன்னல் என்று பங்கு வைத்திருந்தார்கள். மற்ற நான்கு தடுப்புக்கு அதுவும் கிடையாது. மூலையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்கள் வரிசையாக இருந்தன. தண்ணீர் கீழேயிருந்து சுமந்து வர வேண்டும்.

ஏரி தெரியாவிட்டால் சாப்பாடு இறங்காத மனிதன் பிள்ளைகளுக்குக் கட்டி வைத்திருக்கிற இடம் இது என்று கித்தேரியம்மாள் நினைத்தாள். சிரிப்புக்கூட வந்தது. காலி அறை என்று பாப்பம்மாள் காட்டிய மூன்றாம் நம்பர் தடுப்பில் ஒரு கட்டில் போட்டால் நிற்க இடமிருக்காது. எங்கள் விடுதியில் விறகு அடுக்குகிற அறை இதைவிடப் பெரிசு என்று அவள் சத்தமாகவே சொன்னாள்.

அப்போதுதான் பக்கத்துத் திரை விலகிய இடைவெளியில் ஒரு கால் தெரிந்தது. கல்லூரிக்குப் போகாமல் யாரோ சுருண்டு படுத்திருக்கிறாள். யாரும் இல்லை என்றாயே என்று இவள் கேட்க, பாப்பம்மாள் அலட்சியமாகக் கையை வீசினாள். அது ஒரு சோம்பேறிக் கழுதை, நாலைந்து நாளாகக் காய்ச்சல் என்று நடிக்கிறது என்றாள். கித்தேரியம்மாளும் முதலில் அதை நம்பினாள். பெற்றவர்கள் அனுப்புகிற காசில் பட்டப்பகலில் தூக்கம் என்று அவள் உதடு கோணியது.

அமலிதான் திரையை விலக்கி உள்ளே போனாள். "அம்மா, இங்க வாங்க," என்றாள். குரல் மாறியிருந்தது.

கித்தேரியம்மாள் போய் அந்தப் பெண்ணின் நெற்றியில் கை வைத்தாள். அடுப்புக் கல் மாதிரி கொதித்தது. உதடு வெடித்து, நாக்கு வெள்ளையாக, கண் செருகிக் கிடந்தது. தலைமாட்டில் இருந்த சொம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பேர் என்ன என்று கேட்டதற்கு அன்னக்கொடி என்றாள். எந்த ஊர் என்றதற்கு அய்யம்பாளையம், அப்பா பேர் செல்லப்பாண்டி என்று சொல்லிவிட்டு, "அத்தை, தண்ணி," என்றாள். யார் என்றே தெரியாத தன்னை அத்தை என்று கூப்பிட்டதும் கித்தேரியம்மாள் தண்ணீர் கொண்டுவர அமலியை விரட்டினாள். சற்றுமுன் இவளைப் பார்த்துத்தானே உதட்டைச் சுழித்தோம் என்று அவளுக்குக் கூசியது. அந்தக் கூச்சம் அப்படியே ஆத்திரமாகத் திரும்பிற்று.

ஜன்னலின் பாதியில் தலையை நீட்டி, "ஏங்க, மேல வாங்க," என்று கூப்பிட்டாள்.

பாப்பம்மாள் படியில் குறுக்கே போய் நின்றாள். ஆம்பளை மேலே வரக் கூடாது, ஐயாவிடம் கேட்காமல் பிள்ளையை யாரும் வெளியே கொண்டுபோகக் கூடாது, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது என்று கத்தினாள். மரியஅந்தோணி தன் வாழ்நாளில் யாரையும் எதிர்த்துப் பேசியவர் இல்லை. அன்றும் பேசவில்லை. அவளைத் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்திவிட்டு மேலே வந்து, அந்தப் பெண்ணைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"பதில் சொல்றதுக்கு ஆளு வேணுமா?" என்று கீழே வந்து கித்தேரியம்மாள் சொன்னாள். "உங்க ஐயா இப்ப கொடைக்கானல்ல என் வெந்நீர்ல குளிச்சிட்டிருப்பாரு. நானே அவருகிட்டச் சொல்றேன்."

பெரிய ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்றார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் குடலைத் தின்றிருக்கும் என்று டாக்டர் கடிந்துகொண்டார். கித்தேரியம்மாளையே தாய் என்று நினைத்துவிட்டார். அவளும் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். மரியஅந்தோணி அய்யம்பாளையத்துக்கு பஸ் ஏறினார். மறுநாள் விடிந்ததும் செல்லப்பாண்டியோடு வந்து சேர்ந்தார். தோட்டத்துச் செம்மண் காய்ந்த வேட்டியோடு அந்த மனிதர் வார்டு வாசலில் நின்று கும்பிட்டார்.

கித்தேரியம்மாள் கும்பிடை ஏற்றுக்கொள்ளவில்லை. "அந்த ரூமை நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க. பொன்னுவேல் ஐயா மண்டிக்குத்தான் நம்ம தோப்புக் காய் பூராம் போகுது. அவரு நல்ல வீடுன்னு சொன்னாருங்க."

"ஒரு மாடு வாங்குறதுன்னா வாயப் பிடிச்சுப் பல்லப் பாத்து வாங்குவீங்க. பெத்த பிள்ளைய விடுறதுக்கு மட்டும் அவன் சொன்னாப் போதுமா?"

செல்லப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டார். தன் கணவரும் பக்கத்தில் அதே மாதிரிக் குனிந்து நிற்பதைக் கித்தேரியம்மாள் பார்த்தாள். ஆண்பிள்ளைகளின் மேல் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் குறைந்தது.

கொடைக்கானல் திரும்பியதும் விடுதி மேனேஜர் அடைக்கலராஜ் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார். பொன்னுவேல் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டில் புகுந்து அவமானப்படுத்தியதாகக் கம்ப்ளெய்ன்ட். பழைய கெஸ்ட், நல்ல கெஸ்ட், ஒரு சாரி சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்றார் மேனேஜர்.

"சொல்றேன் சார்," என்றாள் கித்தேரியம்மாள். "இவர ஒரே ஒரு நாள் அந்த மூணாம் நம்பர் தடுப்புல படுக்கச் சொல்லுங்க. நான் வெளிய பூட்டிட்டு வந்துடறேன். காலைல தெறந்துவிட்டு சாரி சொல்றேன்."

பொன்னுவேல் முகம் கறுத்தது. படிக்க வந்த கழுதைகளுக்கு ஏரியையா காட்டுவார்கள் என்று கேட்டார். அப்புறம் அவர் பேசியதையெல்லாம் அவள் நின்று கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அவளை அறைப் பொறுப்பிலிருந்து எடுத்துச் சலவைக்கு மாற்றினார்கள். குளிர்ந்த தண்ணீரில் கை மரத்துப்போனது. மேனேஜரைப் பார்க்கும்போதெல்லாம் வணக்கம் மட்டும் சரியாகச் சொன்னாள். அந்த வணக்கத்தில் இருந்த குத்தல் அவருக்கும் புரிந்துதான் இருந்தது. எதிரே வந்தால் வேறு வழியாகப் போக ஆரம்பித்தார்.

அன்னக்கொடி தேறி எழுந்தாள். செல்லப்பாண்டி காயை வேறு மண்டிக்குப் போட்டார். பிறகு அவரே கொடைக்கானலுக்கு வந்து, இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு போர்ஷன் பிடித்தால் என்ன, கைம்பெண்ணான தன் தங்கை வேலுத்தாய் கூட இருந்து பொங்கிப்போடுவாள் என்றார். கித்தேரியம்மாள் இந்தத் தடவை அவரையும் கையோடு இழுத்துக்கொண்டு போய் வீடு வீடாகக் காட்டினாள். தெப்பக்குளத்துப் பக்கம் ஒன்று அமைந்தது. அங்கேயும் சமையல்கட்டு இருட்டு, படி செங்குத்து, வீட்டுக்காரி வாயாடி என்று குறைகளைச் சொல்லிவிட்டுத்தான் சம்மதித்தாள்.

போர்ஷனுக்குப் போன முதல் வாரமே அமலி கடிதத்தில் ஒரு செய்தி எழுதினாள். கண்மணி இல்லத்தைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்ப் பெற்றோர் வந்துகொண்டிருக்கிறார்களாம். கித்தேரியம்மாள் அந்தச் சனிக்கிழமையே மலையிறங்கினாள். மறுநாள் பூசை முடிந்ததும் நேரே போய் அந்தத் தெருவில் நின்றுகொண்டாள். பெட்டியோடு வந்தவர்களை நிறுத்தி, பூட்டைக் காட்டினாள், டைபாய்டைச் சொன்னாள், மேலே போய் ஜன்னலைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றாள். சிலர் அவளைப் பைத்தியம் என்று ஒதுங்கிப் போனார்கள். சிலர் மேலே போய்ப் பார்த்துவிட்டு அப்படியே பெட்டியோடு திரும்பினார்கள். பாப்பம்மாள் வாசல் தெளிக்கிற சாக்கில் ஒரு வாளித் தண்ணீரை இவள் மேல் ஊற்றினாள். கித்தேரியம்மாள் முந்தானையைப் பிழிந்துவிட்டு அங்கேயே நின்றாள். அடுத்த ஞாயிறும் போய் நின்றாள்.

அதற்கடுத்த வாரம் வெளிப்பூட்டைக் கழற்றிவிட்டார்கள். உள்ளே தாழ்ப்பாள் வைத்து, அங்கிருந்த பிள்ளைகளிலேயே பெரியவளிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஆறு தடுப்பும் அப்படியேதான் இருந்தன. பிள்ளைகளுடைய நன்மைக்காகத் தானே யோசித்துச் செய்த மாற்றம் என்று பொன்னுவேல் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதாக, அம்மா போர்ஷனுக்கு வந்திருந்தபோது அமலி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கித்தேரியம்மாள் சிரிக்கவில்லை. "சொல்லிட்டுத் திரியட்டும்," என்றாள். "வெரசா சாப்பாட்டப் போடு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."