பெயர் எழுதாத ட்யூப்

அன்று அந்தப் பல் மருத்துவமனையின் உள்ளறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நாற்காலியில் சாய்ந்திருந்த தங்கை, அவள் கணவர், பல் டாக்டரம்மா, நர்ஸ், கதவருகே நிமிர்ந்து நின்ற பெரியண்ணன். ஆறாவதாக ஒருவர் இருந்ததாகச் சொல்பவர்கள் யாரும் அங்கே இருந்தவர்கள் அல்ல.

பெரியண்ணன் முப்பத்தொரு வருடம் எடைக்கல் ஆய்வாளராக இருந்தவர். முத்திரை இல்லாத தராசைக் கண்டால் கடையையே மூடவைத்தவர். தங்கை ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிப்பவள். வண்டி தாமதம் என்பதைக்கூட அவள் சொன்னால் யாருக்கும் கோபம் வராது என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அண்ணனின் மீசை ஒரு விரற்கடை உயரும்.

போன வருடம் அவளுக்கு ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்தபோது, குழியில் ரத்தம் கட்டி நிற்காமல் எலும்பு காய்ந்துபோனது. பதினொரு நாள் வாய் திறக்க முடியவில்லை. இப்போது கீழ்த்தாடையில் இரண்டு ஞானப்பற்களும் போயாக வேண்டும். திங்கட்கிழமை முதல் ஒழுங்காக வந்து வாசிக்காவிட்டால் மைக் வேறொருத்திக்கு என்று நிலைய அதிகாரி சொல்லிவிட்டார்.

அதனால்தான் டாக்டரம்மா அந்த வழியைச் சொன்னார். "உங்க ரத்தத்தையே ரெண்டு ட்யூப் எடுத்து மெஷின்ல சுத்துவோம். நடுவுல மஞ்சளா ஜெல்லி மாதிரி திரளும். காயத்தை ஆத்துற பிளேட்லெட் அதுலதான் நிறைய. பக்கத்துக்கு ஒரு ட்யூப், குழியில வச்சுத் தைச்சுடுவேன். வலி குறைய வாய்ப்பிருக்கு, சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா எடுத்த கையோட சுத்தணும். ரெண்டு நிமிஷம் தாண்டினா தானா உறைஞ்சிடும்."

அண்ணன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

தங்கையின் நரம்பு கண்ணாமூச்சி ஆடும் நரம்பு. இடது கையில் இரண்டு குத்து வீண். வலது கையில்தான் ரத்தம் வந்தது. "இனி ஒரு ஊசியைக் காட்டினா எந்திரிச்சுப் போயிடுவேன்," என்றாள் அவள்.

நர்ஸ் இரண்டு ட்யூபோடு திரும்பியபோது அண்ணனின் கை குறுக்கே நீண்டது.

"ஒரு நிமிஷம்மா. இதுல பேர் எங்க?"

"நம்பர் ஒட்டியிருக்கு ஐயா."

"நம்பர் கைதிக்கு. எங்க அப்பா பேரோட இவ பேர் இருக்கணும். எவனோட ரத்தமோ எங்க வீட்டுப் பொண்ணு வாய்க்குள்ள போறதா?"

"இன்னிக்கு இவங்க ஒருத்தருக்குத்தான் எடுத்திருக்கோம் ஐயா."

"கள்ளத்தராசு வச்சவன் எல்லாம் எங்கிட்ட இப்படித்தான் பதில் சொன்னான்." ஒரு ட்யூபை வாங்கிக்கொண்டார். "மாப்பிள்ளை, நீங்க சொல்லுங்க."

"நீங்க சொன்னா சரிதான் மச்சான்." அந்த வீட்டில் பெண் எடுத்த நாள் முதல் அவர் சொல்லிவருவது அந்த ஒரு வாக்கியம்தான்.

"அண்ணா, குடுத்துடுங்க," என்றாள் தங்கை.

"எழுதாம நகர விடமாட்டேன்."

பிடித்த முயலுக்கு மூன்று கால். முதல் பேனா வழவழப்பான ட்யூபில் வழுக்கியது. இரண்டாவதில் மை இல்லை. டாக்டரம்மா கையுறை மாட்டிய கைகளைத் தூக்கிப் பிடித்தபடி சுவர்க் கடிகாரத்தையே பார்த்தார். பொறுத்துப் பார்த்த நர்ஸ், தன்னிடமிருந்த ட்யூபை மெஷினில் வைத்து, எதிரே தண்ணீர் நிரப்பிய ட்யூப் ஒன்றை வைத்து மூடினாள். "ரெண்டு பக்கமும் எடை சமமா இருக்கணும் ஐயா," என்றாள், அவரிடமே.

அவர் மூன்றாவது பேனாவால் தகப்பன் பெயரையும் மகள் பெயரையும் எழுதி முடித்து ட்யூபைச் சாய்த்தார். உள்ளே ரத்தம் அசையவில்லை.

"இது இனி ஆகாது," என்றார் டாக்டரம்மா. "வேணும்னா இன்னொரு தடவை எடுக்கலாம்."

தங்கை சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டாள். "வேண்டாம் டாக்டர், இருக்கறதை வச்சு முடிங்க. அண்ணா, நீங்க வெளிய போய் உக்காருங்க."

முப்பத்தாறு வயதில் அவள் அவரை வெளியே அனுப்பியது அதுவே முதல் தடவை. அவர் போனார்.

வலது குழிக்கு ஜெல்லி கிடைத்தது. இடது குழி வெறுமனே தைக்கப்பட்டது. திங்கட்கிழமை அவள் மைக் முன்னால் உட்கார்ந்தாள். இடது கன்னம் வீங்கி, வலி காதுவரை ஏறி, மதியத்துக்குள் மைக்கை ஒப்படைத்துவிட்டு வந்தாள். ஜெல்லி இல்லாததுதான் காரணமா என்று டாக்டரம்மாவாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"ஒரு ட்யூப் வீணாப்போச்சு" என்று மாப்பிள்ளை யாரிடமோ சொல்லிவைத்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த வீட்டு ரத்தம் உறையவே உறையாதாம், வம்ச நோயாம் என்று பேச்சு அதிகாரியின் மேசைவரை போய்விட்டது. நோயாளிக்கு எதற்கு மைக் என்று அவரும் யோசிக்க ஆரம்பித்தார்.

அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நிலையத்துக்குப் போனார். அதிகாரி உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"என் தங்கச்சி ரத்தத்துல ஒரு குறையும் இல்ல. பேர் எழுதறேன்னு கையில வச்சிருந்து வீணாக்கினது நான். தப்பு என்னுது."

"நல்லாகி வரட்டும், பார்க்கலாம்," என்றார் அதிகாரி.

அந்த வீட்டு ரத்தம் உறையாது என்று இன்னும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். தவறு. உறைந்தது, ஐந்து நிமிடத்துக்குள்.