பயிற்சிக்கு எழுதிய உயில்

"நான் பெவர்லி. பெவர்லி ரிக்" என்று அந்தப் பெண் கையை நீட்டியபோது நோரீனின் தட்டு சரிந்து சாண்ட்விச் தரைவிரிப்பில் விழுந்தது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை. அந்தப் பெயரில் உண்மையிலேயே ஒருத்தி இருக்கிறாள் என்பது அவளுக்கு அந்த நொடிதான் தெரிந்தது.

கீத்தின் தகனம் முடிந்து எல்லோரும் பாரோ ஊர்க் கப்பல்தளத்துக்காரர்களின் கிளப் மாடியில் கூடியிருந்தார்கள். வெல்டராக இருந்து முதுகு போனபிறகு, ஐம்பது தாண்டிய வயதில் சட்டம் படித்து சொலிசிட்டர் ஆகப்போகிறேன் என்று கிளம்பியவன் கீத். பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் நோரீனும், மருந்துக்கடையில் இருக்கும் மெகனும் அவனோடு சேர்ந்து அதே தேர்வுக்குப் படித்தார்கள். சனிக்கிழமை காலைகளில் நூலகத்தின் மூலை மேசை அவர்களுடையது. நிலச் சட்டத்தில் மூவருமே திணறினார்கள். உயில் பாடம் வந்ததும்தான் கொஞ்சம் மூச்சு வந்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை கீத், "படிச்சா மண்டையில நிக்க மாட்டேங்குது. ஒண்ணு எழுதியே பாத்துடுவோம்" என்று நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தான். தன் வீட்டை பெவர்லி ரிக் என்பவருக்குக் கொடுப்பதாக எழுதினான்.

"யாருய்யா அது பெவர்லி?" என்றாள் மெகன்.

"மீனும் சிப்ஸும் விக்கிற கடைக்காரி. எனக்கு மட்டும் பெரிய மீனாப் பாத்து வைப்பா."

"ஒரு மீனுக்கு ஒரு வீடா! அப்ப கூட வைக்கிற பட்டாணிக்கு?"

நூலகர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள். கீத் இருவர் முன்னிலையிலும் கையெழுத்துப் போட்டான். பிறகு அவர்களும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். "கிறுக்காதீங்க, முழுப்பேரும் விலாசமும் சரியாப் போடுங்க" என்றான். தேர்வுக்காகச் சொல்கிறான் என்று நோரீன் நினைத்தாள். தாள் அவளுடைய குறிப்புகளோடு கோப்புக்குள் போனது. அடுத்த வாரம் டிரஸ்ட் சட்டப் பாடத்துக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் கீத் தன் சமையலறையில் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தான்.

"உங்களப் பத்தி நெறைய சொல்லுவாரு" என்றாள் பெவர்லி. "படிப்புல நீங்கதான் கெட்டியாம்."

"நீங்க... கீத்துக்கு..."

"பல வருஷமாச்சு கண்ணு. அம்மா போனதுலருந்தே மக ஆறல, இதயும் சொல்லி அவள நோகடிக்க வேணாம்பாரு. சரின்னு நானும் வாயத் தெறக்கல. இன்னிக்குக்கூடக் கடைசி வரிசையிலதான் உக்காந்தேன்." காகிதக் கைக்குட்டையை விரலில் சுற்றினாள். "கடைசியாப் பாத்தப்ப, ஒனக்கு வேண்டியதச் செஞ்சுட்டேன் பெவ், அப்படின்னாரு. என்னன்னு கேட்டா சிரிக்கிறாரு. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

நோரீன் தட்டை மேசையில் வைத்தாள். "இதோ வந்துடறேன்" என்று கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு மெகனைப் போனில் அழைத்தாள். மெகனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. கடையின் பின்னறையில் நின்று பேசினாள்.

"கிழிச்சுப் போடு நோரீன். அது வெளையாட்டு."

"வெளையாட்டுதான்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

மெகன் குரலைத் தாழ்த்தினாள். "நான் சிரிச்சிட்டிருந்தேன். அவரு மொகத்தப் பாக்கல."

நோரீனும் பார்க்கவில்லை. விளையாட்டுக்கு எழுதியது உயிலாகாது. மனதார எழுதியிருந்தால் நோட்டுத்தாளாக இருந்தாலும் உயில்தான். அதை மறைத்தால் குற்றம். இந்தக் கேள்வி தேர்வில் வந்திருந்தால் அவள் ஒரு பக்கத்துக்கு எழுதித் தள்ளியிருப்பாள். இப்போது கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்தபோது கீத்தின் மகள் கர்ஸ்டி அவளைக் கட்டிக்கொண்டாள். அழுது வீங்கிய முகம்.

"எங்கள வாடகை வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க, தெரியுமா? அப்பா வீடு மட்டும் இல்லன்னா நானும் பிள்ளைங்களும் தெருவுலதான். உயில் கியில்னு ஒண்ணும் எழுதி வெக்கல. ஒத்தப் பொண்ணு, எனக்குத்தானே வரும்? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

"உயில் இல்லன்னா உனக்குத்தான்" என்றாள் நோரீன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கர்ஸ்டியின் தோள் நிம்மதியில் தளர்வதைக் கண்டாள். அதைப் பார்த்துக்கொண்டே தன் குரல் மேற்கொண்டு பேசுவதையும் கேட்டாள். "ஆனா ஒரு தாள் இருக்கு கர்ஸ்டி. நூலகத்துல வெச்சு எழுதினாரு. நானும் மெகனும் சாட்சி போட்டோம். பாடத்துக்காகன்னுதான் நெனச்சோம்."

கர்ஸ்டி முதலில் சிரித்தாள். பிறகு, "யார் பேருக்கு?" என்றாள்.

நோரீன் பெயரைச் சொன்னாள்.

"யாரு அது?"

பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நோரீனின் கண்கள் தாமாகவே ஜன்னல் பக்கம் போய்விட்டன. அங்கே தனியாக ஒரு மேசையில் பெவர்லி உட்கார்ந்திருந்தாள். கர்ஸ்டியின் முகம் வெளிறிப்போனது.

"மனசார எழுதினாரா, சும்மா எழுதினாரா? பக்கத்துலதானே இருந்தீங்க!"

"தெரியல. கோர்ட்டுல கேட்டாலும் அதையேதான் சொல்வேன். சத்தியமாத் தெரியல."

"தெரியலன்னா? நீங்க என்னத்தப் படிச்சீங்க?"

கர்ஸ்டி அவளை விலக்கிக்கொண்டு நடந்தாள். பேசிக்கொண்டிருந்தவர்கள் வழிவிட்டார்கள். தன் மேசையை நோக்கி வருகிறவள் கீத்தின் மகள் என்று கண்டதும் பெவர்லி பதறி எழுந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்து நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டாள். கர்ஸ்டி உட்காரவில்லை. நாற்காலியின் முதுகை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் ஜன்னலில், மழைக்குள், கப்பல்தளத்தின் பாரந்தூக்கி எதையோ தூக்கி அப்படியே நடுவானில் நிறுத்தி வைத்திருந்தது.